பேத்தையின் தாகம்

காலையில் நிரப்பித் தட்டுப் போட்டு மூடிவிட்டுப் போன வாளி, சாயங்காலம் உமாதேவி வந்து தட்டை எடுத்தபோது காலியாக இருந்தது. அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருக்கிறான், குளித்திருப்பான். ஆனால் வாளியின் உட்புறம் நாளெல்லாம் வெயிலில் கிடந்தது போல் ஈரப்பசையே இல்லாமல் காய்ந்திருந்தது. குளியலறைத் தரையிலும் ஈரமில்லை. குழாய் மூக்கில் எப்போதும் நின்று நடுங்கும் ஒரு சொட்டையும் காணோம். கடலைமிட்டாய்க் கம்பெனி வேலையில் ஏறிய வெல்லப்பாகு வாடை அடிக்கும் சேலையோடு அவள் அப்படியே நின்றபோது, தண்ணீர் வெளியே போகும் துவாரத்துக்குள்ளிருந்து, யாரோ தொண்டை நிறைய வாங்கி ஒரே மடக்கில் விழுங்குவது போல, கடக் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், கடக்.

எலியாக இருக்கும் என்று துவாரத்தின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவர்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, புறவழிச்சாலையைத் தாண்டி, கரிசல் நிலத்தை மனை போட்டு விற்ற இடத்தில் கடைசி வீடு. பின்சுவருக்கு அப்பால் யாரும் விதைக்காத தரிசு. அதற்கும் அப்பால் கயத்தாறு திசையில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். போர் போட்டதில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. நல்ல தண்ணீர் லாரியில் வந்து முற்றத்துத் தரைத்தொட்டியில் இறங்கும். அந்தக் கோடையில் மழை ஒரு தூறல்கூட இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, ஆள் கையை விட்டால் தோள்வரை இறங்கும்படி வாய் பிளந்து கிடந்தது.

அவள் கணவன் ஜெயகிருஷ்ணன் அந்தக் காற்றாலைகளில் ஒன்றில் வேலை பார்த்தவன். உள் ஏணியில் இறங்கும்போது கால் தவறி விழுந்து, தொடையில் கம்பி வைத்து, மாதக்கணக்காக வீட்டில் கிடந்தான். கட்டிலில் கிடப்பவனுக்குப் போன்தான் துணை. விதவிதமான பிராணிகளைத் தேடிப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடும் ஒரு விளையாட்டு. பல பாகங்களாக வந்துகொண்டேயிருக்கிற அந்த விளையாட்டின் பழைய பாகங்களை எல்லாம் முடித்துவிட்டான். புதிதாக வந்த பாகத்தில் போனின் கேமராவைத் திறந்துகொண்டு நம் தெருவிலேயே பிராணிகளைத் தேட வேண்டும். கம்பை ஊன்றி முற்றம்வரை நடந்தான், பிறகு தெருமுனைவரை. காலுக்கும் பயிற்சிதானே என்று உமாதேவியும் சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் பின்பக்கத் தரிசில் ஒன்று கிடைத்துவிட்டதாகச் சொல்லிப் போனை நீட்டினான். திரையில் உருண்டையாக, ஊதிய பலூன் மாதிரி, உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு மீன். வட்டக் கண். சிரிக்கிற வாய். அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். தூத்துக்குடியில் பிறந்த உமாதேவிக்கு அது பேத்தை மீன். கரையில் வலை உதறும்போது வேண்டாம் என்று மணலில் வீசிவிடுவார்கள். அது காற்றைக் குடித்து உப்பிக்கொண்டு, பல்லைக் கர்க் கர்க் என்று நறநறத்தபடி சாகும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அவன் அதற்கு முள்ளுப்பேத்தை என்று பேர் வைத்தான். வறண்டிருக்கும்போது இது யாரையும் ஒன்றும் செய்யாது, வயிறு முட்டக் குடித்த பின் இதன் எதிரே நிற்காதீர்கள் என்று திரையின் அடியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டிச் சிரித்தான்.

அதன் பிறகுதான், முதலில் அந்த வாளியில் தொடங்கி, வீட்டில் தண்ணீர் தங்காமல் போனது. பானையில் ஊற்றியது விடிவதற்குள் பாதியாகும். மாடித் தொட்டியை நிரப்பினால் அடுத்த நாள் குழாயில் காற்றுதான் வரும். கொத்தனார் வந்து தரைத்தொட்டிக்குள் இறங்கிப் பார்த்து, கரிசல் இழுத்த இழுப்பில் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். மறுநாள் உமாதேவி மூடியைத் திறந்து பார்த்தாள். பூசிய சிமெண்ட் உதிராமல் அப்படியே இருந்தது. ஆனால் அதில் வெளியிலிருந்து உள்ளே குத்தியது போல், ஊசி நுழைகிற அளவுக்கு வரிசை வரிசையாகத் துளைகள். தொட்டிக்குள்ளிருந்து ஏறிவந்த காற்றில் பழைய கருவாட்டு நாற்றம். கடலைவிட்டு இவ்வளவு தூரத்தில், இந்த வெயிலில், அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டாள்.

பாலம்மாள் அந்தப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவள். நடுவயது. ஓடைக்கரையில் ஆடுகளை அடைக்கிற கிடை, தரிசு வழியாகத்தான் ஆடுகளை ஓட்டிப் போவாள். உமாதேவிக்குத் தண்ணீர் கஷ்டம் என்று தெரிந்தும், ஆடுகளுக்கு ஒரு வாளி கேட்பதற்குக் கூச்சப்படாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பின்சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். குரல் வழக்கம்போல் இல்லை.

"ஏட்டி உமா, இங்கன வாயேன். என்னன்னு தெரியல, நீயும் வந்து பாரு."

ஒரு வெள்ளாடு வெடிப்புக்குள் கழுத்துவரை தலையை விட்டபடி முட்டி போட்டுக் கிடந்தது. தண்ணீர் வாடைக்குத்தான் விட்டிருக்க வேண்டும். இருவரும் காலைப் பிடித்து இழுத்தார்கள். தலை வெளியே வந்தபோது பாலம்மாள் கையை விட்டுவிட்டாள். ஆட்டின் முகம் முழுக்க ஓட்டை. சல்லடை போல. ஒரு கண் இருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு முள், உடைமரத்து முள் மாதிரியே, ஆனால் வழவழவென்று ஈரமாக. ஆடு செத்திருக்கும் என்றுதான் உமாதேவி நினைத்தாள். காலெல்லாம் கட்டைபோல் விறைத்திருந்தது. மூச்சு தெரியவில்லை. மிச்சமிருந்த மற்றொரு கண் மட்டும் மெதுவாகத் திரும்பி முதலில் பாலம்மாளைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

பாலம்மாள் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினாள். ரத்தம் வெடிப்பின் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கியது. கீழே, கடக். பாலம்மாளும் அதைக் கேட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. முள்ளம்பன்றியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் ஆடு கொண்டுவரப்போவதில்லை என்று மற்ற ஆடுகளை விரட்டிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி ஜெயகிருஷ்ணனிடம் இதைச் சொன்னாள். அவன் முகத்தில் பயமே வரவில்லை. ஆட்டு ரத்தமும் தண்ணீர்தானே என்று மட்டும் கேட்டான். அவன் உதடுகள் வெடித்திருந்தன. அவன் தண்ணீர் குடித்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசித்தாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் கம்பெனியில் மின்சாரம் நின்று, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல் திறந்து கிடந்தது. கட்டிலில் அவன் இல்லை. கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. தரைத்தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று பின்வாசலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தரிசுக்குப் போயிருந்தது. அந்தக் குழாயின் வழியே நடந்தாள். தலைக்கு மேல் வெயில் கொதித்தது. உடைமரங்களில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவன் வெடிப்பின் ஓரத்தில் முட்டி போட்டு, கம்பி வைத்த காலையும் மடக்கிக்கொண்டு, ஒரு கையில் குழாயும் மறு கையில் போனுமாகக் குனிந்திருந்தான்.

"என்ன செய்யுதீங்க இங்கன?"

"தாகமா இருக்கு அதுக்கு." அவன் திரும்பவில்லை. "எம்புட்டு ஊத்துனாலும் காணல, உமா."

போனை வாங்கிப் பார்த்தாள். கேமரா வெடிப்பைக் காட்டியது. உள்ளே, இருட்டின் அடியில், அந்த மீன் சிரித்துக்கொண்டிருந்தது. முன்பு எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரிந்தது, இப்போது வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. போனை விலக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். இருட்டு. மண். ஒன்றுமில்லை. அவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினாள். அது வரவில்லை. மறுமுனையை யாரோ வாயில் கவ்விக்கொண்டு இழுப்பது போல், கைக்குள் சரசரவென்று வழுக்கிக்கொண்டு கீழே போனது. அதோடு அந்தச் சத்தம். கர்க். கர்க். மணலில் கிடந்து பல்லை நறநறக்கிற சத்தம். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் மீனின் சத்தமில்லை. காலுக்கடியில் மண் அதிர்ந்தது.

ஆத்திரமோ பயமோ, போனை ஓங்கி வெடிப்புக்குள் எறிந்தாள். அது எங்கோ மெத்தென்று ஒன்றின் மேல் விழுந்தது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பொறுமையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"அது போனுக்குள்ள இல்லட்டி," என்றான்.

அவனை அணைத்துப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலில் போட்டு வெளியே தாழிட்டாள். மறுநாளே அவனை மதுரைக்கு, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது என்று முடிவு செய்தாள். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த தண்ணீர் லாரி அன்றே வருவது அவள் நினைவிலேயே இல்லை.

லாரி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஓட்டுகிற இசக்கி அண்ணாச்சி வாரம் தவறாமல் வருபவர். மண்ரோடு உயரம், முற்றம் பள்ளம் என்பதால் பின்பக்கமாக இறக்கி, தொட்டிக்குக் கொஞ்சம் மேட்டிலேயே வண்டியைச் சரிவில் நிறுத்துவார். அன்றும் அப்படித்தான் நிறுத்திவிட்டு, இரும்பு மூடியைத் தூக்கி, பெரிய குழாயைச் சொருகித் திறந்துவிட்டு, பீடியைப் பற்றவைத்தார். உமாதேவி வேண்டாம் என்று சொல்ல ஓடிவந்தபோது தண்ணீர் இரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எதைச் சொல்வது?

"என்ன தாயி, பாதி வண்டி இறங்கிட்டு. தொட்டி இன்னும் அடிமட்டத்துலயே கெடக்கு?" என்றபடி அவர் குனிந்து மூடி எடுத்த தொட்டி வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

சத்தம் எதுவுமில்லை. ஈரத் துணியை உதறினால் வருகிற சடக்கென்ற சத்தம் மட்டும். இசக்கி நிமிர்ந்தார். இரண்டு அடி பின்னால் வைத்தார். அவர் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் கறுப்பு முட்கள் நின்றன. ஒன்று கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்திருந்தது. பீடி இன்னும் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசையவில்லை. கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றது. மூட்டை சரிவதுபோல் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்தார். உமாதேவி அவர் பக்கத்தில் விழுந்து தோளை உலுக்கினாள். மரக்கட்டை. கண் மட்டும் உயிரோடிருந்தது. அது அவளைப் பார்த்தது. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

ஜெயகிருஷ்ணன் வந்துகொண்டிருந்தான். தாழ்ப்பாளைப் பெயர்த்த கையில் ரத்தம் ஒழுகியது. கம்பு இல்லை. நொண்டவுமில்லை. குழாயடிக்குக் குளிக்கப் போகிறவன் போல நிதானமாக வந்து, தொட்டியின் வாய் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டான்.

"வலிக்கல உமா. கால் இப்ப வலிக்கவே இல்ல."

அவள் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைவிட்டு இழுத்தாள். வரவில்லை. காலை உதைத்து ஊன்றி இழுத்தாள். அவன் தோளுக்கு மேலாக அப்போதுதான் உள்ளே பார்த்தாள். தண்ணீரே தெரியவில்லை. தொட்டி நிறையத் தோல். வெளுத்த, ஈரமான, அடிவயிற்றுத் தோல், பறையை இழுத்துக் கட்டியது போல் விம்மிக்கொண்டிருந்தது. அதில் படுத்திருந்த முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவன் தொடைகளில் அவை நுழைந்து மறுபக்கம் வந்திருந்தன. பெரிய குழாயிலிருந்து தண்ணீர் விழ விழ, கடக், கடக், கடக். தொட்டியின் காங்கிரீட் மூடுபலகை மூச்சு வாங்குவதுபோல் மேலே ஏறியது. ஓரங்களில் தூசி உதிர்ந்தது. விரிசல் ஓடியது.

வால்வைத் திருகினாள். அது லாரிக்காரர்களின் கைக்குப் பழகிய சக்கரம். அவள் கைக்கு அசையவில்லை.

இன்னும் பாதி வண்டி தண்ணீர். வயிறு முட்டினால்.

தெருவில் வீடுகள் இருந்தன. முதல் வீட்டில் யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அவள் ஜெயகிருஷ்ணனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடு விறைத்துவிட்டது. எச்சில் வழிந்தது. கண்ணில் இப்போது அவன்தான் இருந்தான். மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த அவள் புருஷன். பயந்திருந்தான். எல்லாம் தெரிந்திருந்தது அவனுக்கு. அந்தக் கண் லாரியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி லாரியைப் பார்த்தது.

அவள் ஓடினாள். லாரியின் முன்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். எதை இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கையில் பட்டதையெல்லாம் இழுத்தாள், காலில் பட்டதையெல்லாம் மிதித்தாள். புஸ் என்று பிரேக்கின் காற்று இறங்கியது. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப அவனால் முடியாது. அவள் குதித்தாள்.

மூடுபலகை நொறுங்கிய சத்தம் அவள் பல்லில் கேட்டது. லாரியின் பின்பாகம் தொட்டிக்குள் இறங்கியது. கீழே ஏதோ வெடித்தது. பிறகு ஒரு வாசனை, ஓராயிரம் மீன்களை ஒரே நேரத்தில் அறுத்தது போல. முட்கள் டயர்களைக் கிழித்துக்கொண்டு, தகட்டைத் துளைத்துக்கொண்டு, அப்படியே நின்றன. அசையவில்லை. அவள் பார்க்கக் கூடாதது ஒன்று சக்கரத்துக்கடியில் இருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு பின்பக்கமாக நடந்தாள். பின்வாசல். சுவர். தரிசு. இதைத் தாண்டி எங்காவது போய்விட வேண்டும்.

சுவரேறி இறங்கியபோது இடது கையில் முழங்கைவரை உணர்ச்சி இல்லை என்பதைக் கவனித்தாள். அவனை இழுத்தபோது பட்டிருக்க வேண்டும். முன்கையில் ஒரு கீறல்தான். ரத்தம்கூட வரவில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அது வேறு யாருடைய உதடோ போலிருந்தது. முட்டி மடங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கிழிந்த லாரியிலிருந்து மிச்சத் தண்ணீர் முழுக்க முற்றத்தில் பெருகி, வீட்டுக்குள் புகுந்து, பின்வாசல் வழியாக, சுவரடித் துவாரம் வழியாகத் தரிசில் இறங்கியது. அவள் கால்களுக்கிடையில் அது ஓடியது. குளிர்ச்சியாக இருந்திருக்கும். அவளுக்குத் தெரியவில்லை. முதல் வெடிப்பில் விழுந்தது. நிரம்பவில்லை. கிளை பிரிந்து அடுத்ததில். அதற்கடுத்ததில். சாயங்கால வெயிலில் அந்தப் பரப்பு முழுவதும் வலை விரித்தது போல் தண்ணீர்க் கோடுகள் மின்னின.

கடக்.

அவளுக்கு வலப்பக்கம். பிறகு தூரத்தில். பிறகு உடைமரங்களுக்கு அப்பால். பிறகு எங்கும். ஒவ்வொரு வெடிப்பிலும், அதனதன் தொண்டையால். பல் நறநறக்கும் சத்தம் காற்றாலைகள்வரை ஓடித் திரும்பியது. பாளம் பாளமாகக் கிடந்த கரிசல் மெதுவாக, ஈர மாவு பொங்குவது போல், அங்கங்கே மேடாக எழும்பியது.

ஓடைப் பக்கம் மணிச்சத்தம் கேட்டது. தண்ணீர் வாடை காற்றில் போயிருந்தது. ஆடுகள் கட்டுக்கடங்காமல் ஓடி வந்தன. பின்னாலேயே மூச்சிரைக்கப் பாலம்மாள். அவற்றைத் திருப்ப ஓடி வந்தவள், தண்ணீரைக் கண்டதும் நின்றாள். அந்தக் கோடையில் அவள் முகம் அப்படி மலர்ந்து உமாதேவி பார்த்ததில்லை.

"ஏட்டி உமா, எம்புட்டுத் தண்ணிட்டி," என்றாள்.

போ, என்று உமாதேவி கத்தினாள். உள்ளுக்குள்தான் கத்தினாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இமையை மூடவும் முடியவில்லை.

ஆடுகள் தரிசு முழுக்கப் பரவி, வெடிப்பு வெடிப்பாகத் தலையைத் தாழ்த்தின. பாலம்மாளும் சேலையைச் சொருகிக்கொண்டு, பெரிய வெடிப்பொன்றின் ஓரத்தில் குந்தி, இரண்டு கையையும் குவித்துக் குனிந்தாள்.

அத்தனை வெடிப்பிலும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றது.